உறையைத் திருப்பிப் படியுங்கள்: ஒரே இசைத்தட்டைக் கொண்டு ஐரோப்பிய பங்க் ராக்கை அறியும் முறை

ஐரோப்பிய பங்க் ராக்கை, அதாவது 1970களின் நடுவில் கிளம்பிய வேகமும் சீற்றமுமான ராக் இசையை, எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்பவருக்குப் பெரும்பாலும் நூறு இசைத்தட்டுகள் கொண்ட ஒரு பட்டியலே பதிலாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டியல் 1976ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கி, 1979ஆம் ஆண்டு லண்டனிலேயே முடிந்து, மிச்சமுள்ள கண்டம் முழுவதற்கும் கடைசியில் நான்கைந்து வரிகளை ஒதுக்கும். அதை வரிசையாகக் கேட்டு முடித்தவருக்குப் பெயர்கள் மனப்பாடமாகும். ஆனால் அன்றைய யூகோஸ்லாவியாவின் லியுப்லியானாவில் வானொலி நிறுவனமே ஏன் பங்க் இசைத்தட்டை வெளியிட்டது, பாரிஸில் ஒரு குழு ஏன் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாமலே மேடையேறியது என்பவை விளங்காமலே போகும். நான் பின்பற்றிவரும் வழி இதற்கு நேர்மாறானது. ஏற்கெனவே மனத்துக்குப் பிடித்துப்போன ஒரே ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, அதன் உறையில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு பெயரையும் ஒரு முகவரியாகக் கருதி, அந்த முகவரிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்வருவதே அது.

எந்த இசைத்தட்டு என்பது உங்கள் விருப்பம். மிகப் புகழ்பெற்ற ஒன்றாக அது இல்லாமலிருப்பது நல்லது. புகழ்பெற்ற தட்டுகளைச் சுற்றிக் கதைகள் ஏற்கெனவே மண்டிக் கிடப்பதால், நாமாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவாகவே இருக்கும். உறையில் விவரம் நிறைந்த தட்டாக இருந்தால் வேலை எளிது. யார் வாசித்தார்கள், எங்கே பதிவானது, யார் பதிவுசெய்தார், யார் வெளியிட்டார், யாருக்கெல்லாம் நன்றி என்ற ஐந்தும் கிடைத்துவிட்டால் பல மாதங்களுக்குத் தேவையான வேலை அதிலேயே இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டாக எனக்குப் பிடித்த தட்டையே எடுத்துக்கொள்கிறேன். நெதர்லாந்தின் 'த எக்ஸ்' குழுவும் அமெரிக்கச் செல்லோ கலைஞர் டாம் கோராவும் சேர்ந்து 1991இல் வெளியிட்ட 'ஸ்கிராப்ளிங் அட் த லாக்' என்பது அதன் பெயர். பூட்டைத் திறக்கும் வகை தெரியாமல் விரல்களால் பிராண்டுவதைக் குறிக்கும் தலைப்பு அது. முதல் பாட்டிலேயே கிட்டார்கள் இரும்புத் தகடுகளைப் போல உரச, அவற்றுக்கு நடுவே செல்லோ ஒரு மனிதக் குரலைப் போல நுழைகிறது. பங்க் என்றால் மூன்று ஸ்வரக்கூட்டும் இரண்டு நிமிடமும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு, இதுவும் பங்க் என்றால் பங்க் என்பது எது என்ற கேள்வியை எழுப்பிய தட்டு இது.

முதலில் செய்ய வேண்டியவை

தட்டை முழுமையாக மூன்று முறை கேட்பதற்கு முன் எதையும் தேடிப் படிக்க வேண்டாம். முதல் முறை வெறுமனே கேளுங்கள். இரண்டாம் முறை, காதில் தைக்கும் இடங்களைப் பாட்டின் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை, உங்களுக்குப் புரியாத இடங்களை மட்டும் குறியுங்கள். தெரியாத மொழி, பழக்கமில்லாத தாளம், ராக் இசையில் எதிர்பாராத கருவி, எங்கோ கேட்டது போன்ற மெட்டு ஆகியவை இந்தப் பகுதியில் வரும். பிடித்ததைவிடப் புரியாததே பிற்பாடு அதிகத் தொலைவுக்குக் கொண்டுபோகும் என்பது என் அனுபவம்.

அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு தலைப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: ஆட்கள், ஊர், வெளியீட்டாளர், இரவல். கடைசித் தலைப்பின்கீழ், அந்தக் குழு வேறெங்கிருந்தோ எடுத்தாண்ட பாட்டு, மெட்டு, தாளம் எல்லாம் வரும். கைபேசியிலும் குறிக்கலாம், ஆனால் ஒரே பக்கத்தில் நான்கு பத்திகளையும் அருகருகே பார்க்க முடிவதில் ஒரு பயன் உண்டு. ஒரே பெயர் இரண்டு பத்திகளில் வந்தால் கண்ணில் உடனே படும், அப்படிப் பட்ட பெயரைத்தான் அடுத்துத் தேட வேண்டும்.

ஆட்களைப் பின்தொடர்வது

நான்கில் இதுவே எளிது, வழி தவறுவதும் இதில்தான் எளிது. 'த எக்ஸ்' குழு 1979இல் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள வோர்மர் என்ற சிற்றூரில் உருவானது. அதில் 1990இல் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஆண்டி மூர், எடின்பரோவில் தோன்றிய 'டாக் ஃபேஸ்டு ஹெர்மன்ஸ்' என்ற குழுவிலிருந்து வந்தவர். பங்க் குழுவாக இருந்தும் ட்ரம்பெட்டை முன்னிறுத்திய அந்தக் குழுவைக் கேட்டால், நெதர்லாந்துக் குழு ஒன்றின் இரண்டாவது கிட்டார் ஏன் அப்படி ஒலிக்கிறது என்பதில் பாதி விளங்கிவிடும். 'த எக்ஸ்' 1983இல் வெளியிட்ட 'டுமல்ட்' என்ற தட்டின் தயாரிப்பாளர் ஜான் லாங்ஃபோர்ட். அவர் லீட்ஸ் நகரத்து 'மீகான்ஸ்' குழுவைச் சேர்ந்தவர். லீட்ஸ் என்றதும் அதே காலத்தில் அதே பல்கலைக்கழக வட்டாரத்தில் உருவான 'கேங் ஆஃப் ஃபோர்', 'டெல்டா 5' ஆகிய குழுக்கள் தாமாக வந்து நிற்கும். அதே நகரில் ஆளில்லாத வீடொன்றில் குடியேறிக் கூட்டாக வாழ்ந்த 'சம்பவாம்பா' குழு, 'த எக்ஸ்' குழுவினரோடு சேர்ந்து 'ஆன்டிடோட்' என்ற பெயரில் பாசிச எதிர்ப்புச் சிறுதட்டு ஒன்றை வெளியிட்டது. 1997இல் உலகெங்கும் வானொலிகளில் ஒலித்த ஒரு மதுக்கடைப் பாட்டைப் பாடியவர்களும் இவர்கள்தாம் என்பதை அறியும்போது, அந்தப் பாட்டும் சற்று வேறு மாதிரி கேட்கிறது.

இந்தச் சங்கிலிக்கு முடிவே கிடையாது. ஆகவே ஒரு வரம்பை வைத்துக்கொள்வது அவசியம். முதல் தட்டிலிருந்து இரண்டு தாவல்களுக்கு மேல் ஆட்களைப் பின்தொடர வேண்டாம். அதற்குள் எந்தப் பெயரும் உங்களைப் பிடித்து நிறுத்தவில்லையானால், அந்தச் சரடை விட்டுவிட்டு முதல் தட்டுக்கே திரும்பி வாருங்கள்.

ஊரைக் கேட்பது

பங்கைப் பற்றி எழுதுபவர்கள் ஆடையையும் தலைமுடியையும் விரிவாக எழுதுவார்கள். கூரையைப் பற்றி எழுத மாட்டார்கள். ஆனால் ஐரோப்பாவில் இந்த இசையைச் சாத்தியமாக்கியது கூரைதான். ஒத்திகைக்கு ஓர் அறையும், வாடகை கேட்காத ஒரு மேடையும், அயலூரிலிருந்து வரும் குழு இரவு தங்க ஓர் இடமும் இருந்த ஊர்களில் குழுக்கள் பெருகின. ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த கட்டடங்களில் இளைஞர்கள் புகுந்து குடியேறி, அவற்றையே வீடாகவும் அரங்காகவும் அச்சகமாகவும் மாற்றிக்கொண்ட வழக்கம் அதற்குப் பெரிதும் உதவியது.

நெதர்லாந்தில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலம் அது. 1980 ஏப்ரல் 30 அன்று அரசி பியாட்ரிக்ஸ் பதவியேற்றபோது, வீடில்லையேல் முடிசூட்டும் இல்லை என்ற பொருள்படும் முழக்கத்தோடு ஆம்ஸ்டர்டாம் தெருக்களில் பெருங்கலவரம் மூண்டது. 'த எக்ஸ்' தன் முதல் நெடுந்தட்டை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அந்தத் தட்டில் கிட்டார் ஏன் அத்தனை வறண்டும் குரல் ஏன் ஒலிபெருக்கி அறிவிப்பைப் போலும் இருக்கின்றன என்பதற்கு இசைக் கோட்பாட்டில் விடை தேடிப் பயனில்லை. குடியேறிய கட்டடங்களைச் சட்டப்படி வைத்துக்கொள்ள அந்நாட்டில் நெடுநாள் வழியிருந்தது. 2010 அக்டோபர் 1 முதல் அது குற்றமாக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய நெதர்லாந்துக் குழுக்களைக் கேட்கும்போது இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் தட்டு எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரில் இதே கேள்வியைக் கேளுங்கள்: இவர்கள் எங்கே வாசித்தார்கள்? மேற்கு பெர்லினின் குரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் 1978இல் திறக்கப்பட்ட 'எஸ்ஓ36' அரங்கு, அப்பகுதியின் பழைய அஞ்சல் குறியீட்டையே பெயராகக் கொண்டது. சூரிக்கில் 1980ஆம் ஆண்டு, நகராட்சி ஆபரா அரங்குக்குப் பெருந்தொகை ஒதுக்கி இளைஞர் மையம் ஒன்றைத் தர மறுத்ததிலிருந்து தெருக்கலவரம் வெடித்தது. கோபன்ஹேகனின் யாக்ட்வை 69 என்ற முகவரியில் இருந்த 'உங்டோம்ஸ்ஹூசெட்' என்னும் இளைஞர் இல்லம் 2007 மார்ச் 1 அன்று காவல்துறையால் காலிசெய்யப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வேறோர் இடம் கொடுக்கப்பட்டது. ஓர் ஊரின் அரங்குப் பெயர் கிடைத்துவிட்டால், அங்கே வாசித்த குழுக்களின் சுவரொட்டிகளைத் தேடுங்கள். ஒரே சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுக்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிறு திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவின் பங்க் விழாக்கள் லண்டனில் தொடங்கின என்று பலரும் எழுதுகிறார்கள். லண்டனின் '100 கிளப்' விழா நடந்தது 1976 செப்டம்பரில். தென்மேற்குப் பிரான்சின் மோன் தெ மார்சான் என்ற சிறு நகரத்தில், காளைச் சண்டை அரங்கொன்றில், அதற்கு முந்தைய மாதமே ஒரு பங்க் விழா நடந்துவிட்டது. அதில் வாசித்தவை பெரும்பாலும் மதுக்கடை ராக் குழுக்கள்தாம் என்பது உண்மையே. ஆயினும் 'த டேம்ட்' குழுவும் அங்கே மேடையேறியது, அதுவும் தன் முதல் சிறுதட்டு வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பே.

வெளியீட்டாளரின் எண்கள்

தட்டின் நடுவே ஒட்டப்பட்ட வட்டத் தாளிலும் உறையின் முதுகிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். அது வெளியீட்டாளரின் வரிசை எண். அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் தேடிக் கேட்பதே நான் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த உத்தி, ஏனெனில் ஒருவருடைய ரசனை எப்படி நகர்ந்தது என்பதை அந்த வரிசை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது. லண்டனின் 'ரஃப் டிரேட்' கடை 1978இல் இசைத்தட்டு வெளியீட்டில் இறங்கியபோது அதன் முதல் எண்ணைப் பெற்றது ஆங்கிலக் குழு அன்று. பாரிஸின் 'மெத்தால் உர்பேன்'. இரண்டாவது எண் ஜமைக்காவின் அகஸ்டஸ் பாப்லோவுக்கு, மூன்றாவது ஷெஃபீல்டின் 'காபரே வால்டேர்' குழுவுக்கு. முதல் நெடுந்தட்டு 1979இல் பெல்ஃபாஸ்டின் 'ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ்' குழுவுடையது. சுயேச்சை வெளியீடாக இருந்தும் அது பிரிட்டன் தரவரிசையில் 14ஆம் இடத்தை எட்டியது. சூரிக் பெண்கள் குழுவான 'கிளீனெக்ஸ்' வெளியீடுகளும் இதே வரிசையில் வருகின்றன. தாள் கைக்குட்டை நிறுவனத்தின் வணிகப் பெயர் உரிமை காரணமாக அந்தக் குழு பிற்பாடு 'லில்லிபுட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது.

'மெத்தால் உர்பேன்' டிரம்ஸ் கலைஞருக்குப் பதிலாகத் தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டது. ஆறேழு ஆண்டுகள் கழித்து அதே பாரிஸில் தோன்றிய 'பெருரியே நுவார்' குழுவும் தாள இயந்திரத்தோடுதான் பல்லாயிரம் பேர் முன் பாடியது. பிரெஞ்சு பங்கின் ஒரு கிளைக்கு இயந்திரத் தாளம் எப்படி அடையாளமாயிற்று என்பதை இந்த இரண்டு குழுக்களையும் அடுத்தடுத்துக் கேட்டாலே உணரலாம்.

'கிராஸ்' குழுவின் சொந்த வெளியீட்டு முயற்சியும் இப்படிப் படிக்கத்தக்கது. எஸெக்ஸ் பகுதியில் ஒரு பழைய பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த அவர்கள், இந்த விலைக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று உறையிலேயே அச்சிட்டார்கள். அந்த வரிசையில் 1984இல் ரெய்க்யவிக் நகரத்துக் 'குக்ல்' குழுவின் தட்டு வருகிறது. அதில் பாடியிருப்பவர் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற, அப்போது பதின்ம வயதைத் தாண்டாத பாடகி பியோர்க். ஐஸ்லாந்துக்கு இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

இனி, எனக்கு மிகவும் வியப்பளித்த பகுதி. பங்க் என்றால் சுயேச்சை வெளியீடு என்ற சமன்பாடு கிழக்கு நோக்கிப் போகப் போகப் பொருந்தாமல் போகிறது. லியுப்லியானாவில் 1977இல் உருவான 'பாங்கர்ட்டி' குழுவின் முதல் நெடுந்தட்டான 'டோல்க்சைட்', அந்நகர வானொலி, தொலைக்காட்சி நிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவால் 1980இல் வெளியிடப்பட்டது. அலுப்பு என்பது தலைப்பின் பொருள். போலந்தில் 'எஸ்எஸ்-20' என்று சோவியத் ஏவுகணை ஒன்றின் பெயரோடு 1981இல் தொடங்கி, பின்னர் 'டெசெர்டர்' என்று மாறிய வார்சா குழுவின் 1983ஆம் ஆண்டுச் சிறுதட்டை வெளியிட்டது 'டான்பிரெஸ்' என்ற அரசு நிறுவனம். எதிர்காலத்தை நோக்கி என்பது அதன் தலைப்பு. கிண்டலை யார் கவனித்தார்கள், யார் கவனிக்காமல் விட்டார்கள் என்பது தனிக் கதை. இக்குழுவின் நெடுந்தட்டு ஒன்று 1987இல் சான் பிரான்சிஸ்கோவின் பங்க் சிற்றிதழ் ஒன்றின் வழியாக வெளியானது. ஒரே குழு, ஒரு பக்கம் அரசு நிறுவனம், மறுபக்கம் கடல் கடந்த சிற்றிதழ் என்று இரண்டு முகவரிகளோடு இருந்திருக்கிறது.

கிழக்கு ஜெர்மனியில் இந்தச் சலுகையும் இல்லை. எர்ஃபுர்ட் அருகிலிருந்து வந்த 'ஷ்லைம்கைம்', தன் பெயரை மறைத்து வேறொரு பெயரில் பதிவுசெய்த பாடல்கள் பெர்லின் மதிலுக்கு மேற்கே கடத்தப்பட்டு, 'டிடிஆர் ஃபோன் உன்டன்', அதாவது கீழிருந்து பார்த்த கிழக்கு ஜெர்மனி என்ற தலைப்பில் 1983இல் வெளிவந்தன. தட்டின் இன்னொரு பகுதியில் இருப்பது 'ட்ஸ்விட்ஷர்மஷீனெ' குழு. அதில் குரல் கொடுத்த கவிஞர் சாஷா ஆண்டர்சன் கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசி உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்துவந்தவர் என்பது, ஜெர்மனி ஒன்றான பிறகு 1991இல் அம்பலமாயிற்று. எதிர்ப்பின் சின்னமாகக் கேட்ட தட்டில் எதிர்த்தவனும் ஒற்றனும் சேர்ந்தே இருக்கிறார்கள். அதை மறுபடி கேட்பது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டிய தட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரவல் வாங்கிய மெட்டு

என் தட்டில் எனக்குப் புரியாத பகுதியாக நான் முதலில் குறித்தது, 'த எக்ஸ்' குழுவின் டிரம்ஸ் கலைஞர் காதரீனா போர்னஃபெல்ட் பாடிய ஒரு பாட்டு. அது டச்சும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. 'ஹிதேகென் ஃபூய்னாக் அ செலெக்' என்று தொடங்கும் அது ஹங்கேரிய நாட்டுப்புறப் பாட்டு. குளிராய் வீசுகின்றன காற்றுகள் என்பது முதல் வரியின் பொருள். அதிலிருந்து ஹங்கேரியின் 'முஷிகாஷ்' என்ற நாட்டுப்புற இசைக்குழுவுக்கும், அதனோடு பாடிய மார்த்தா செபெஷ்டியேனுக்கும் போனேன். அங்கிருந்து ஹங்கேரியில் பங்க் இருந்ததா என்று தேடியபோது 'சிபிஜி' என்ற செகெட் நகரத்துக் குழு அகப்பட்டது. அதன் உறுப்பினர்கள் பாடல் வரிகளுக்காகவே 1984இல் சிறைத்தண்டனை பெற்றவர்கள். ஒரு நாட்டுப்புறப் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனவன் சிறை வாசலில் போய் நிற்க நேர்ந்தது.

இரவல் மெட்டுக்கு இதைவிடச் சுவையான எடுத்துக்காட்டு ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையிலுள்ள பாஸ்க் நாட்டில் இருக்கிறது. இரூன் நகரத்துக் 'கொர்டாட்டு' குழுவின் 'சர்ரி, சர்ரி' கேட்டவுடன் கால் தாளமிடும் பாட்டு. 1985 ஜூலை 7 அன்று மார்டுடெனே சிறையில் பாடகர் இமானோலின் கச்சேரி முடிந்ததும், கருவிகளோடு வெளியே எடுத்துச் செல்லப்பட்ட ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒளிந்து, பாஸ்க் விடுதலைக்காக ஆயுதமேந்திய ஈட்டா அமைப்பைச் சேர்ந்த இருவர் தப்பிச் சென்றனர். அவர்களுள் ஒருவர் எழுத்தாளர் யோசெபா சர்ரியோனாந்தியா. பாட்டு அதைப் பற்றியது. மெட்டோ ஜமைக்காவின் 'டூட்ஸ் அண்ட் த மேய்ட்டல்ஸ்' குழுவிடமிருந்து வந்தது. மெட்டை மட்டும் அறிந்தவர் இதை விழாப் பாட்டு என்பார், செய்தியை மட்டும் அறிந்தவர் அரசியல் பாட்டு என்பார். அந்தக் குழுவின் ஃபெர்மின் முகுருஸா பிற்பாடு 'நெகு கோர்ரியாக்' குழுவைத் தொடங்கி, பாஸ்க் மொழியில் மட்டுமே பாடுவதென்று முடிவெடுத்தார்.

தெரியாத மொழியைக் கையாளும் விதம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வரிகளைத் தேடி எடுத்து, ஒருமுறை அர்த்தம் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தபடியே பாட்டைக் கேளுங்கள். சொல் எங்கே உடைகிறது, எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பது காதுக்குப் பழகும். அதன்பின் இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்க்கலாம். ஆனால் கொச்சையும் கிண்டலும் அதில் செத்துப்போகும் என்பதை மறக்க வேண்டாம். முன்பு சொன்ன 'டோல்க்சைட்' என்ற சொல்லையே அகராதியில் தேடினால் எளிதில் கிடைக்காது. அது ஜெர்மன் மொழியின் சாயல் படிந்த பேச்சு வழக்கு. மொழியின் உறவுகளும் வழி காட்டும். ஃபின்னிஷும் எஸ்தோனியனும் உடன்பிறந்த மொழிகள். தாலின் நகரத்து 'ஜே.எம்.கே.இ.' குழுவின் முதல் நெடுந்தட்டு, சோவியத் ஆட்சி முடியுமுன்னரே, 1989இல் ஃபின்லாந்தில்தான் வெளியானது.

தாளத்தைத் தொடர்வது

பெயர்களை எல்லாம் மூடிவைத்துவிட்டு, காதை மட்டும் நம்பிப் போகவும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்து 'டிஸ்சார்ஜ்' குழு 1980களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய, குதிரைப் பாய்ச்சலைப் போன்ற டிரம்ஸ் தாளத்துக்கு, அக்குழுவின் முதலெழுத்தை வைத்தே 'டி-பீட்' என்று பெயர். 1982இல் வந்த அவர்களுடைய முதல் நெடுந்தட்டை ஒருமுறை கேட்டால் அந்தத் தாளம் மனத்தில் பதிந்துவிடும். பிறகு ஸ்வீடனின் 'ஆன்டி சைமெக்ஸ்', 'மாப் 47' ஆகியவற்றைக் கேளுங்கள். தாளம் அதேதான், வேகமும் கரகரப்பும் கூடியிருக்கும். ஸ்வீடன் எல்லையை ஒட்டிய ஃபின்லாந்தின் டோர்னியோ நகரிலிருந்து வந்த 'தெர்வேத் காதெத்' குழுவின் பாடல்கள் பல ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. குழுவின் பெயருக்கு ஆரோக்கியமான கைகள் என்று பொருள். ஒரு தாளம் எல்லைகளைக் கடந்து நாடுதோறும் உச்சரிப்பு மாறுவதைக் கேட்டுப் பழகியவர், பிறகு எந்தத் தட்டைக் கேட்டாலும் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஓரளவு ஊகித்துவிடுவார்.

வாங்குவதும் தவிர்ப்பதும்

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. இணையத்தில் கேட்டு, மூன்றாவது முறையும் மனம் கேட்கிறது என்றால் வாங்குங்கள். முதல் பதிப்புதான் வேண்டும் என்ற பிடிவாதம் பணத்தை விழுங்கும். நல்ல மறுவெளியீடுகளில் பாடல் வரிகளும், பழைய சிற்றிதழ்ப் பக்கங்களும், குழுவினரின் குறிப்புகளும் சேர்ந்து வருவதால், நம் வேலைக்கு அவையே அதிகம் பயன்படும். முதல் பதிப்பென்று நம்பி ஒருவரிடம் வாங்கிய சிறுதட்டு, பிற்காலத்து அனுமதியற்ற நகல் என்பதை வீட்டுக்கு வந்த பிறகே நான் கண்டுகொண்டேன். தட்டின் ஒலிக்கோடுகள் முடிந்து மையத்தாளுக்கு முன்னுள்ள வெற்றுப் பகுதியில் ஊசியால் கீறப்பட்ட எழுத்துகளை ஒப்பிட்டிருந்தால் அது நேர்ந்திராது. அந்த எழுத்துகள் பதிப்பை அடையாளம் காட்டுவதோடு, சில சமயம் தட்டை வெட்டியவரின் குறும்பையும் காட்டும். லண்டனில் பல பங்க் தட்டுகளை வெட்டிய ஜார்ஜ் பெக்கம் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கீறிவைப்பது வழக்கம்.

தவிர்க்க வேண்டியதைப் பற்றி மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1979 செப்டம்பரில் லண்டனின் கான்வே ஹாலில் 'கிராஸ்' குழுவும் ராட்டர்டாமின் 'ரோண்டோஸ்' குழுவும் வாசித்த நிகழ்ச்சியில் தீவிர வலதுசாரி ஸ்கின்ஹெட்களுக்கும் இடதுசாரிகளுக்கும் இடையே அடிதடி நடந்தது. அந்தப் பிளவு பிற்பாடு ஐரோப்பா முழுவதும் பரவி, நாஜிக் கருத்துகளைப் பாடும் குழுக்கள் தனியாக ஒரு வலையமைப்பையே உருவாக்கிக்கொண்டன. பழைய தட்டு விற்போர் சிலர் அவற்றையும் மற்றவற்றோடு கலந்தே அடுக்கிவைக்கிறார்கள். பெயர் தெரியாத குழுவின் தட்டை, குறிப்பாகக் கம்யூனிச எதிர்ப்பு ராக் என்ற அடைமொழியோடு வருவதை, வாங்குமுன் அதன் வரிகளையும் வெளியீட்டாளரையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உறையைப் படிக்கும் பழக்கம் இதற்கும் உதவும். நன்றிப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பது பெரும்பாலும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

முதல் தட்டுக்குத் திரும்புதல்

ஒரு சரடை முடித்த ஒவ்வொரு முறையும் தொடங்கிய தட்டை மீண்டும் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். நோட்டில் புரியாதவை என்று குறித்த வரிகளில் எவை இப்போது புரிகின்றனவோ அவற்றை அடித்துவிட்டு, புதிதாகக் காதில் பட்டவற்றைச் சேருங்கள். எனக்கு முதலில் வெறும் இரைச்சலாகப் பட்ட ஒரு கிட்டார் இழை, எடின்பரோவுக்குப் போய்வந்த பிறகு ட்ரம்பெட்டின் வேலையைச் செய்வதாகக் கேட்டது.

அதோடு, அந்தக் குழு பிற்பாடு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். பிடித்த தட்டோடு நின்றுவிடுவது ரசிகர்கள் எளிதில் செய்யும் தவறு. 'த எக்ஸ்' 2002இல் எத்தியோப்பியாவுக்குப் போய்ப் பல ஊர்களில் வாசித்தது. அந்நாட்டின் முதுபெரும் சாக்ஸஃபோன் கலைஞர் கெட்டாச்யூ மெக்குரியாவைத் தன் 25ஆம் ஆண்டு விழாவுக்கு 2004இல் ஆம்ஸ்டர்டாமுக்கு அழைத்தது. அவரோடு சேர்ந்து 'மோவா அன்பெஸா' என்ற தட்டை 2006இல் வெளியிட்டது. போர்ப்பாட்டுகளின் மெட்டைச் சாக்ஸஃபோனில் முழக்கிய ஒரு முதியவரும், குடியேறிய கட்டடங்களில் வளர்ந்த ஒரு பங்க் குழுவும் ஒரே தாளத்தில் இணையும் அந்தத் தட்டைக் கேட்டபோது, என் நோட்டில் இரவல் என்ற பத்தியில் அடிஸ் அபாபா என்று எழுதினேன். அந்தச் சரடு ஐரோப்பாவை விட்டு வெளியே போகிறது; அதற்கு வேறொரு நோட்டு வேண்டியிருந்தது.